ஃபேடருக்குள் இருந்த மண்

மூடியைக் கழற்றினால் தெரிந்துவிடும்
எந்த ஊர் மிக்சர் என்று.
செம்பாட்டுத் தூசி என்றால் உரும்பிராய், ஊரெழுப் பக்கம்.
ஃபேடரின் காலில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால்
குருநகர் அல்லது பாசையூர், கடற்காற்றின் வேலை.
உள்ளே குங்குமமும் ரெண்டு அரிசியும் கிடந்தால்
ஊர் சொல்ல ஏலாது,
சாமத்தியவீடு என்று மட்டும் சொல்லலாம்.

பதினொரு வருசம்
எனக்கும் றெஜினோல்ட்டுக்கும் இதுதான் பிழைப்பு.
டீஜே பெடியள் காசைக் கொட்ட முன்னம்
நாங்கள் வாங்கி, கழற்றி, வெயிலில் வைத்து, மேசையிலிருந்து விழுத்தி,
நல்லதோ கூடாதோ என்று எழுதிக் கொடுப்பது.
கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைக்கு மேலே அறை.
கீழே பவுணை உரைத்துப் பார்ப்பார்கள்.
மேலே நாங்கள்.

"மிக்சர் சோதிக்கிறம்" என்று வீட்டில் சொன்ன அன்று
"ஆற்றை கடை மிக்சர்?
கடலை கூடப் போட்டிருக்கோ?" என்று கேட்டார் அப்பா.

கை தட்டைத் திருப்புவதற்கும்
சத்தம் திரும்புவதற்கும் நடுவில்
ஒரு சின்னப் பிந்தல் இருக்கிறது.
றெஜி கண்ணை மூடிக்கொண்டு "ஏழு" என்பான்.
கருவி சொல்லும்: ஏழு தசம் ரெண்டு மில்லி செக்கன்.
அந்தத் தசம் ரெண்டுக்காக
ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறோம்.

கொழும்பிலிருந்து ஒருத்தர் வந்தார். பெயர் வேண்டாம்.
பெட்டி பிரிக்காத கொன்ட்ரோலர் ரெண்டு.
"ஒண்டு சோதிக்க, மற்றது உங்களுக்கு.
நல்லதா நாலு சொல்லு எழுதுங்கோ."
றெஜி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான்,
பிறகு ரெண்டு பெட்டியையும் தானே தூக்கி
படியால் இறங்கி அவருடைய வானில் ஏற்றிவிட்டான்.
அந்த மாத வாடகையை மூன்று தவணையாகக் கட்டினோம்.

பெருமைக்குச் சொல்லவில்லை.
ஐந்தாவது சீஆர் கொப்பி, முப்பத்தொராம் பக்கம்,
என் கையெழுத்து: "தாங்கும்."
ஒரே ஒரு சொல்.
அதை நம்பித்தான் கொடிகாமத்து டிலக்சன்
தாயின் காப்பை எங்கள் கீழ்க்கடையிலேயே அடகு வைத்து
அதே மொடலை வாங்கினான்.
ஜெனரேட்டர் கரண்டில்
நாங்கள் அதைச் சோதிக்கவே இல்லை.
மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டபத்துக்குள் கால் வைக்க
அது செத்தது.
அதன்பிறகு ஃபேன்கள் சுத்துவதும்
ஆரோ ஒரு குழந்தை சிரிப்பதும்தான் கேட்டதாம்.

அவன் கத்தவில்லை. பெட்டியை என் மேசையில் வைத்தான்.
"அக்கா, தாங்கும் எண்டு எழுதினனீங்கள்."

அடுத்த கிழமை ஒரு பழைய ஜெனரேட்டர் வாங்கினோம்.
அதற்குப் பிறகு எந்தச் சாமானும்
அதன் நடுங்கும் கரண்டைக் குடிக்காமல்
எங்கள் அறையைவிட்டு வெளியே போனதில்லை.
காப்பு மீள ஒன்றரை வருசம் எடுத்தது.
பாதி நாங்கள் கட்டினோம். பாதிதான்.

பிறகு இறக்குமதி நின்றது, பதின்மூன்று மணித்தியாலம் இருட்டு,
சோதிக்க ஒன்றுமில்லாமல்
பழைய ஃபேடர்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தோம்.
அதனால் மூடவில்லை.

போன ஆவணியில் ஒரு புது ஹெட்ஃபோன்.
"மேல்சத்தம் மங்கல்" என்று எழுதப் போனேன்.
றெஜி என்னைப் பார்த்தான்.
"மங்கல் இல்லையே" என்றான், மெதுவாக.
இரவு கதவைப் பூட்டிவிட்டு
என்னையே மேசையில் வைத்துச் சோதித்தேன்.
பத்தாயிரம் ஹேர்ட்ஸ், கேட்டது.
பதினோராயிரம், ஏதோ.
பன்னிரண்டாயிரத்தில் ஊசி ஆடுகிறது,
வலது காதில் என்னுடைய சொந்த மணி மட்டும்.

கடைசிக் கொப்பியில் திகதி போட்டு எழுதினேன்:
மொடல், நாற்பத்தாறு வருசப் பழசு.
இதன் சொல்லை நம்பி வாங்க வேண்டாம்.

அறையைக் காலி செய்த அன்று
லான்ட்மாஸ்டரோடு வந்தான் டிலக்சன்,
ஜெனரேட்டரைக் கேட்டு.
விலை சொன்னேன். தலையாட்டினான்.
காசை எடுக்க முன்னம்
வீதியோரம் குந்தியிருந்து
கயிற்றை ஒருக்கால் இழுத்தான்,
நிப்பாட்டினான்,
திரும்ப இழுத்தான்,
காதைக் கிட்ட வைத்துக் கேட்டான்,
மூன்றாம் தரமும் இழுத்தான்.